பாசிக்கும் பாசிருக்கும் நடுவே

காலை ஐந்தே முக்காலுக்கு அழைப்பு.
பாசிர் ரிஸ் கொண்டோ, மேலாளர் ஃபெலிசியா டே:
குளத்தின் அடியில் மணல் கிடக்கிறது,
ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விருந்து.
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்,
விருந்துதான் மணலை அழைத்து வந்தது போல.

மலாயில் பாசிர் என்றால் மணல்.
என் காதில் அது எப்போதும் பாசி.
ஒன்று தொட்டியை விட்டு வெளியே வரக்கூடாது,
மற்றது குளத்துக்குள் வரவே கூடாது.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பம்ப் அறை கார் நிறுத்துமிடத்துக்கும் கீழே.
மின்பெட்டியில் நான்கு மொழிகளில் எச்சரிக்கை.
அபாயத்தின் அகரத்தைத் துரு தின்றுவிட்டது.
போன வருஷம் மார்க்கரால் உகரம் போட்டு வைத்தேன்.
உபாயம்.
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஷோஹாக் மோட்டாரைப் போட்டான்.
முதலில் காது, அப்புறம்தான் ஸ்பேனர்.
கீச்சென்றால் பேரிங்.
கூழாங்கல் உருளும் சத்தம் வந்தால்
தண்ணீர் போதவில்லை,
பம்ப் வெறும் வாயை மெல்லுகிறது.

இன்று மெல்லுகிறது. கண்ணாடி மூடிக்குள் குமிழிகள்.
கூடையைத் தூக்கினோம்:
தூங்குமூஞ்சி மரத்து இலை, கொத்தாகத் தலைமுடி,
ஒரு மூக்குக் கிளிப்,
டைனோசர் படம் போட்ட பிளாஸ்டர்.
மூடியின் ரப்பர் வளையத்தில் விரலை ஓட்டினேன்.
கடிகாரத்தில் நான்கு இருக்கும் இடத்தில்
நகம் நுழையும் அளவு வெடிப்பு.
புது வளையம், கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ்.
மெல்லுவது நின்றது.

"முடிந்ததா?" படியில் ஃபெலிசியா.
இல்லை, அது வேறு நோய்.
காற்று புகுந்தால் குமிழி வரும்,
மணல் வராது.

மோட்டாரை நிறுத்தினோம். அமைதி.
அப்போதுதான் வடிகட்டியின் கேஜைப் பார்த்தேன்.
முள் பன்னிரண்டில்.
தட்டினேன். பன்னிரண்டு.
தண்ணீரே ஓடாத தொட்டிக்கு எங்கிருந்து அழுத்தம்?

பதிவேட்டைப் புரட்டினேன்.
பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு.
மூன்று மாதம், வாரம் இரண்டு முறை,
பக்கத்தில் என் கையெழுத்து,
அதுவும் மாறாமல்.

முள் செத்துக் கிடக்க
உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.
பத்து கூடியதும் பின்னோட்டம் விட்டுக் கழுவியிருக்க வேண்டும்.
கூடவில்லையே என்று நான் விட்டிருக்கிறேன்.

மூடியைக் கழற்றி மணலை அள்ளினோம்,
மதியம்வரை, தோள்வரை கையை விட்டு.
அடியில் சிலந்திக் கால்களாய் எட்டுக் குழாய்கள்.
ஏழை விரலால் எண்ணினேன்.
எட்டாவது, கையோடு வந்தது.
இவ்வளவு நாளும் மணல் அந்த வழியாகத்தான்
குழந்தைகளின் காலடிக்குப் போயிருக்கிறது.

புதுக் குழாய். பாதித் தொட்டி தண்ணீர், அதன்மேல்தான் மணல்,
இல்லாவிட்டால் விழுகிற கனத்தில் இன்னொரு கால் முறியும்.
பழைய மணலை ஷோஹாக் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினான்.
மாவு போல வழுக்கியது.
கூர் இருந்தால்தான் மணல் அழுக்கைப் பிடிக்கும்.
மழுங்கினால்
எல்லாவற்றுக்கும் வழி விட்டுவிடும்.

புது கேஜின் முள் பூஜ்யத்தில் நின்றது.
மோட்டாரைப் போட்டதும் திடுக்கிட்டு எழுந்து
ஒன்பதில் நடுங்கியது.

அறிக்கையில், பழுதுக்குக் காரணம்.
எல்லாரும் எழுதுவது: தேய்மானம்.
நானும் எழுதினேன்.
ஷோஹாக் எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
வாளியைக் கழுவப் போய்விட்டான்.
அவன் திரும்புவதற்குள் அதை அடித்துவிட்டு
"கேஜ் பழுது. நான் கவனிக்கவில்லை" என்று எழுதி,
படிக்க வசதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு விருந்து நடந்ததாம்.
திங்கள் கூடையில் ஒரு பலூன் துண்டு.

இப்போதெல்லாம் மோட்டாரை நிறுத்தியும் ஒருமுறை பார்க்கிறேன்.
அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.
ஓரத்தில், பென்சிலால், குறித்து வைக்கிறேன்:
பூஜ்யம்.